மாஸ்டர் மிதித்த பெடல்

சிவப்பு வண்ணம் பூசிய சின்ன இரும்பு டப்பா அது. உள்ளங்கையில் அடங்கிவிடும். நடுவில் காலால் மிதிக்கிற பொத்தான், அதற்கு மேலே திருகுகிற குமிழ்கள். ஒரு மூலை நசுங்கி, அரைவட்டமாய் ஒரு பள்ளம். மாஸ்டரின் வெள்ளை ஷூவின் குதிகால் போட்ட பள்ளம். போன மாதம் வரைக்கும் அது என் பீரோவில், இளம்பிள்ளைப் பட்டுப்புடவைகளுக்கு அடியில் கிடந்தது. புடவை எடுக்கும்போதெல்லாம் கையில் தட்டுப்படும். தட்டுப்படும்போதெல்லாம் யாரையாவது ஓங்கி அறைய வேண்டும் போல இருக்கும் எனக்கு.

மாஸ்டர் எங்கள் இன்னிசைக் குழுவின் தலைவர். கீபோர்டு வாசிப்பார். நான் பாடகி, என் அண்ணன் பேஸ் கிட்டார். சேலத்தில் எங்கள் மாதா கோயில் பாடகர் குழுவில் கிடந்த எங்கள் இரண்டு பேரையும் கல்யாண மேடைகளுக்குக் கூட்டிவந்தவர் அவர்தான், அதை நான் எங்கேயும் மறைத்ததில்லை. அப்பேர்ப்பட்ட காது அவருக்கு. ஆனால் வாய்க்கு முன்னால் கை வந்துவிடும். ஒத்திகையில் தாளம் தப்பினால் கையில் இருப்பது பறக்கும். டிரம்ஸ் குச்சி, ஜால்ரா, சூடு ஆறாத டீ டம்ளர். தபேலாக்காரரின் காதுமடலை ஒருதடவை ஜால்ரா கிழித்தது. மாஸ்டரே ஆட்டோ பிடித்துக் கூட்டிப்போய்த் தையல் போட்டு, கறிச்சோறு வாங்கிக் கொடுத்து, திரும்பி வந்ததும் அதே இடத்திலிருந்து பாட்டைத் தொடங்கச் சொன்னார். நாங்களும் தொடங்கினோம். அடி வாங்குவதும் சங்கீதத்தில் ஒரு பகுதி என்று நினைத்துக்கொண்டிருந்தோம், என்ன ஜென்மங்களோ!

அண்ணன் அந்தப் பெடலை வாங்கிவந்த அன்றே சண்டை தொடங்கிவிட்டது. கிட்டாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் அதை மாட்டி மிதித்தால், வழுவழுவென்று போகிற பேஸ் கிழிந்து, கரகரவென்று உறுமும். மாஸ்டருக்கு அது பாவம். “பேஸு கேக்கக் கூடாதுடா, இருக்கோணும். நின்னு போச்சுன்னாத்தான் இருந்ததே தெரியோணும்” என்பார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலும் இல்லை. முதல்முறை அண்ணன் மிதித்தபோது எனக்குச் சுருதி எங்கே என்றே தெரியவில்லை. கால் வைத்த படியை யாரோ உருவிவிட்ட மாதிரி இருந்தது. அண்ணன் விடவில்லை. இது அடியில் இருக்கிற ஒலியை அப்படியே விட்டுவிட்டு, மேலே மட்டும் கரகரப்பைச் சேர்க்கிறது என்று குமிழைத் திருகித் திருகிக் காட்டினான். இரண்டாம் தடவை எனக்குப் பிடி கிடைத்தது. மூன்றாம் தடவை மயிர்க்கூச்செறிந்தது. “லீடு கிட்டாருக்கு நாலு பெடல் இருக்கு, கீபோர்டுல நாய் கொலைக்கிற சத்தம்கூட இருக்கு. நான் மட்டும் ஏன் மாஸ்டர் கேக்கக் கூடாது?” என்றான் அண்ணன். பதிலுக்கு வந்தது அறை. மேடையில் அந்தச் சனியனைப் பார்த்தால் காலை உடைப்பேன் என்றார் மாஸ்டர்.

திருச்செங்கோட்டில் ஒரு ரிக் வண்டி முதலாளி வீட்டு வரவேற்பு. மாப்பிள்ளை வீட்டார் கல்யாணத்தோடு கல்யாணமாகப் புதிதாக ஒரு போர்வெல் வண்டியும் எடுத்திருந்தார்கள். வாழைமரம் கட்டி, மாலை போட்டு, மண்டபத்து வாசலிலேயே நிறுத்தியிருந்தார்கள். மறுநாள் தாலி கட்டு முடிந்து, மணமக்கள் கையால் பூசணிக்காய் உடைத்து, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுங்கின பிறகுதான் வண்டியில் துளை போடுகிற கம்ப்ரசரை ஓட்ட வேண்டும். அதற்கு முன்னால் ஓட்டினால் ஆகாது. போன வண்டியில் ஒரு பையன் குழாய்க்கு அடியில் சிக்கிச் செத்திருந்தான் போல. அதனால் அந்தக் குடும்பமே அந்த விஷயத்தில் நெஞ்சில் பயத்தோடு இருந்திருக்கிறது. எங்களுக்கு அது எங்கே தெரியும்?

விளக்கு வைக்கிற நேரம். நான் ஒரு குத்துப்பாட்டின் சரணத்தை முடித்தேன். அண்ணன் பெடலை ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்தான். மிதித்தான். மேடைப் பலகை என் பாதத்துக்கடியில் உறுமியது, பந்தியில் எவர்சில்வர் வாளிகள் அதிர்ந்தன. ஆகா, எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா! மாப்பிள்ளையின் மாமன்மார் அப்படியே எழுந்து நின்றார்கள். எங்கள் வாசிப்பில் சொக்கிப்போய்விட்டார்கள் என்றே நினைத்தேன். “எவண்டா அவன் வண்டிய ஓட்டுனது!” என்று ஒருவர் கத்த, அத்தனை பேரும் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு வாசலுக்குப் பாய்ந்தார்கள். பாறையில் துளை இறங்குகிற சத்தம் ராப்பகலாய்க் காதில் ஓடுகிறவர்கள். பேஸ் அவர்களுக்கு அப்படியே கம்ப்ரசராகக் கேட்டிருக்கிறது.

வண்டிக்குள் டிரைவர் தூங்கிக்கொண்டிருந்தார். காலைப் பிடித்து இழுத்துக் கீழே போட்டு மிதித்தார்கள். “சாமி, நானில்லீங்க சாமி, சாவியே எங்கிட்ட இல்லீங்க” என்று அவர் கும்பிடக் கும்பிட விழுந்தது அடி. மேடையில் மாஸ்டர் கை காட்டி வாசிப்பை நிறுத்தினார். வெளியே கேட்டுக்கொண்டிருந்த உறுமலும் நின்றது. அப்போதுதான் அவர்களுக்கு உறைத்தது. வாயெல்லாம் ரத்தமாய் இருந்த டிரைவரை நடுவில் பிடித்துக்கொண்டு அப்படியே உள்ளே வந்தார்கள், நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு.

அந்த நேரத்தில் மாஸ்டர் என்ன செய்திருக்க வேண்டும்? எங்களுக்கு முன்னால் வந்து நின்றிருக்க வேண்டும். அவர் பெடலை நோக்கிப் போனார். அண்ணன் குனிந்து இடது கையால் அதை மூடினான். அந்தக் கையின் மேலேயே வெள்ளை ஷூ இறங்கியது. மறுபடி இறங்கியது. காய்ந்த முருங்கைக் கிளை ஒடிகிற சத்தம் மைக்கிலேயே கேட்டது. அண்ணன் கையை உருவிக்கொண்டபின் விழுந்த மிதியில்தான் டப்பா நசுங்கியது. மைக் ஸ்டாண்டை இரண்டு கையாலும் தூக்கி மாஸ்டரின் நெற்றியில் போட்டேன். வெள்ளைச் சட்டை சிவப்பாயிற்று. நாற்காலியோடு வந்த மாமன்மார் அப்படியே நின்றுவிட்டார்கள். அவர்கள் செய்ய வந்ததை நாங்களே செய்துகொண்டோம் அல்லவா. இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன், அந்த அடிக்காக நான் ஒரு நாளும் வருந்தியதில்லை.

அண்ணனின் மோதிர விரலும் சுண்டு விரலும் பிறகு மடங்கவே இல்லை. மற்ற இரண்டு விரலால் கோயிலில் மட்டும் வாசித்தான். விரல்கள் ஓட முடியாதே, வேண்டிய இடத்தில் வேண்டிய ஒரு சுரம், அவ்வளவுதான். “என்ன அடக்கமா வாசிக்கிறாரு” என்று ஆளாளுக்குப் புகழ்வார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தேர்த்திருவிழாவில் ஒருமுறை கேட்டுவிட்டு மாஸ்டர் ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார்: “இப்பத்தான் அவன் பேஸு வாசிக்கிறான்.” அன்றைக்கு மைக் ஸ்டாண்ட் பக்கத்தில் இல்லாதது அவர் அதிர்ஷ்டம். அண்ணன் பெடலை என் கையில் கொடுத்து, “கண்ணுல படாம வை பாப்பா” என்றான்.

போன மாதம் மாஸ்டர் போய்ச் சேர்ந்தார். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு மண்டபத்தில் படத்திறப்பு. பழைய குழு முழுக்க வாசிக்க வேண்டும் என்று அவர் மனைவி என்னைக் கூப்பிட்டார். “உங்க அண்ணனையுங் கூட்டிட்டு வந்துரு கண்ணு, அவரு கடைசீல அவன் பேரத்தான் சொல்லிட்டிருந்தாரு” என்று அழுதார். முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். பக்கத்தில் இருந்த அண்ணன், “பெடல எடுத்துட்டு வா” என்றான்.

மாலை போட்ட பெரிய படம். கம்ப்யூட்டரில் யாரோ நெற்றித் தழும்பை அழித்து வழுவழுவென்று ஆக்கியிருந்தார்கள். என் தழும்பு அது. கோபமாக வந்தது, ஏனென்று தெரியாமல் அழுகையும் வந்தது. கடைசிப் பாட்டு வரைக்கும் அண்ணன் மாஸ்டருக்குப் பிடித்த மாதிரியே, இருக்கிறானா என்றே தெரியாமல் வாசித்தான். நான் சரணத்தை முடித்ததும் படத்தை ஒரு பார்வை பார்த்தான். அந்தப் பள்ளத்தின் மேலேயே கால் வைத்து மிதித்தான்.

மண்டபம் உறுமியது. இரண்டே விரல். ஆனாலும் உறுமியது. யாரும் வெளியே ஓடவில்லை. மாஸ்டரின் படத்துக் கண்ணாடி சட்டத்துக்குள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. என் கையில் மைக் இருந்தது. பாட வேண்டிய வரியை விட்டுவிட்டுக் கேட்டேன்:

“கேக்குதுங்களா மாஸ்டர்?”