அம்மா டிவியில் பாடியது

எங்கள் அப்பாவைப் போல ஒரு ரசிகர் அரசுத் தொலைக்காட்சிக்கு இந்தியா முழுக்கத் தேடினாலும் கிடைத்திருக்க மாட்டார். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. கேபிள் இன்னும் எங்கள் தெருவுக்குள் நுழையவில்லை. திருநெல்வேலி மொட்டைமாடிகளின் ஆன்டெனாக்கள் எல்லாம் கொடைக்கானல் கோபுரத்தைப் பார்த்தபடி நின்றன. சற்றே திருப்பி வைத்தால் இலங்கை கிடைக்கும். அப்பா விட மாட்டார். நம் அரசாங்கம் எதைக் காட்டுகிறதோ அதைத்தான் பார்க்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

ஒரு சென்ட் நிலம் கிடையாது. ஆனால் நெல்லுக்கு யூரியா போடும் பருவத்தை விளக்கும் நிகழ்ச்சியை முகம் சுளிக்காமல் பார்ப்பார். இரவானால் தமிழை அனுப்பிவிட்டு டெல்லி வந்து உட்கார்ந்துகொள்ளும். தெருவே பெட்டியை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போகும். அப்பா மட்டும் ஒரு சொல்கூடப் புரியாத இந்திச் செய்தியைக் கடைசி வணக்கம் வரை கேட்பார். படம் நின்றுபோய்த் தடங்கலுக்கு வருந்துகிறோம் என்று அட்டை போட்டால் அதையும் பார்ப்பார். நான் அணைக்கப் போனால், "அவ்வளவு பேரு வருத்தப்படுதாவல்லா, பைய இரு" என்பார்.

அம்மா பாடுவாள். கல்யாணத்துக்கு முன்பு முறையாகக் கற்றுக்கொண்டவள். கல்யாணத்துக்குப் பின்பு கச்சேரி அடுப்படியோடு நின்றுபோயிற்று. தேங்காய் துருவும்போது பாடுவாள், அரிசி களையும்போது பாடுவாள். சத்தம் கூடத்துக்கு வந்தால் அப்பா எழுந்துபோய் டிவியின் சத்தத்தைக் கூட்டிவைப்பார். கெட்டவர் இல்லை. திட்டவும் தெரியாது, கேட்கவும் தெரியாது.

ஒருநாள் அம்மா யாரிடமும் சொல்லாமல் சென்னை நிலையத்துக்கு விண்ணப்பம் போட்டாள். குரல் தேர்வுக்குக் கூப்பிட்டுக் கடிதம் வந்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. போய்ப் பாடித் தேறினாள். மூன்று அம்மன் பாட்டு, கால்மணி நேரம். அப்பா ஆடிப்போய்விட்டார். அரசாங்கமே தன் பெண்சாதியைக் கூப்பிடுகிறது. லீவு போட்டுப் பதிவுக்குக் கூடவே போனார். அங்கே ஸ்டுடியோ வாசலில் சிவப்பு விளக்கு எரிந்ததாம். சத்தம் போடக் கூடாது என்றார்களாம். அம்மா உள்ளே பாடி முடிக்கும் வரை அடைத்த கதவுக்கு வெளியே அவர் இருமலை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஊர் கேட்க வேண்டும் என்று அம்மாவுக்குப் பெரிய ஆசை எல்லாம் இல்லை. என்னிடம் ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்: "டிவியில வந்தா ஒங்கப்பா கேட்டுத்தானே ஆவணும். அதுல வாரது எல்லாத்தையும் உக்காந்து கேக்குதாவல்லா. இருவது வருசத்துல ஒரு பாட்டாவது முழுசா கேக்கட்டும்."

ஒளிபரப்பு நாள் தெரியவந்தது. அந்த வாரம் பார்த்து டெல்லியில் ஒரு முதுபெரும் தலைவர் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். அந்தக் காலத்தில் இந்தத் தேசத்தின் சட்டம் எல்லோருக்கும் தெரியும். பெரிய தலைவர் போய்விட்டால் நாடகம், பாட்டு, யூரியா எல்லாம் ரத்து. சோக வாத்தியம் ஒன்றை மட்டும் நாள் கணக்கில் வாசித்துக்கொண்டிருப்பார்கள்.

அப்பா அந்தத் தலைவரின் கட்சிக்கு ஒரு தடவைகூட ஓட்டுப் போட்டவர் இல்லை. அவர் பெயரைச் சொன்னாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். அப்படிப்பட்டவர் குளித்து, திருநீறு பூசி, தேங்காய் பழத்தோடு கோயிலுக்குக் கிளம்பினார். நானும் போனேன். குருக்கள் பெயரைக் கேட்டார். அப்பா தலைவரின் பெயரைச் சொன்னார். குருக்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "நட்சத்திரம் சொல்லுங்கோ" என்றார்.

அப்பா விழித்தார். "சாமி பேருக்கே செஞ்சிருங்க. சாமி பாத்து டெல்லிக்கு அனுப்பிக்கிடும்."

தெருவும் சேர்ந்துகொண்டது. பக்கத்து வீட்டில் விளக்கேற்றினார்கள். பேட்டையில் பட்டறை வைத்திருந்த அப்பாவின் சிநேகிதர், பாய், தொழுகையில் துஆ கேட்டதாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்தத் தலைவருக்குச் சொந்தத் தொகுதியில்கூட இத்தனை பேர் நீண்ட ஆயுள் கேட்டிருப்பார்களா என்பது சந்தேகம். அவரும் தம்மால் முடிந்தவரை பொறுத்தார். ஒளிபரப்பு நாளன்று காலையில் போய்விட்டார்.

சாயங்காலம் அக்கம்பக்கத்தார் அப்படியும் வந்தார்கள். ஒருவேளை போட்டுவிடலாம் என்ற நப்பாசை. அம்மா பட்டுச்சேலை கட்டிச் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். திரையில் மலர்வளையங்கள், பின்னால் அந்த வாத்தியத்தின் அழுகை. அம்மாவுக்கு என்று ஒதுக்கிய கால்மணி நேரமும் அப்பா அதைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டு நாளு தாங்கியிருக்கப்பிடாதா" என்று மனமார வருந்தினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அம்மா இங்கனதான இருக்கா? அணைச்சிட்டு அவளைப் பாடச் சொல்லுங்களேன்."

அம்மா தலையைத் தூக்கினாள். தொண்டையைச் சரிசெய்துகொண்டதைக்கூட நான் பார்த்தேன்.

"அவசரம் என்ன? அதான் டிவியில வரும்லா" என்றார் அப்பா.

அம்மா எழுந்துபோய்ச் சேலையை மாற்றிக்கொண்டு வந்தாள்.

துக்கம் முடிந்தது, மாதங்கள் ஓடின. நிகழ்ச்சி வரவில்லை. அந்த நாடாவின் மேலேயே யூரியாவைப் பதிவு செய்திருப்பார்கள் என்று நான் முடிவுகட்டிவிட்டேன். அப்புறம் ஒருநாள், மாதாமாதம் எங்களுக்குக் கருப்பட்டி கொண்டுவரும் உடன்குடி அண்ணாச்சி வாசலில் ஓலைப்பெட்டியை இறக்கியதும் இறக்காததுமாகச் சொன்னார்: "நேத்து மத்தியானம் கிரிக்கெட்டு பாத்துக்கிட்டு இருந்தம். மழை வந்து ஆட்டம் நின்னுட்டு. பாத்தா, நீங்க பாடுதீய தங்கச்சி!"

அம்மா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தாள். "முழுசா போட்டாவளா அண்ணாச்சி?"

"மழை விடுத வரைக்கும் போட்டாவ."

முதல் நாள் மத்தியானம் அப்பா ஆபீசில் இருந்தார், நான் கல்லூரியில். அம்மா குழாயடியில் தண்ணீருக்கு நின்றிருந்தாள். நாட்டுக்கே காட்டியிருக்கிறார்கள், எங்கள் வீட்டைத் தவிர.

விஷயம் தெரிந்த அப்பாவுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு உடன்குடிக்கு பஸ் ஏறினார். அண்ணாச்சியின் அடுத்த நடை வரை காத்திருக்க முடியவில்லையாம். எந்தப் பாட்டு வந்தது, எப்படி இருந்தது என்று நேரில் கேட்டே தீர வேண்டுமாம்.

சாயங்காலம் நான் கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அடுப்படியில் அம்மா அந்த மூன்று பாட்டில் ஒன்றைத்தான் பாடிக்கொண்டிருந்தாள், நல்ல உச்சத்தில். வாசல் கதவு தட்டும் சத்தம் கேட்டது. அம்மா பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு வந்து கதவைத் திறந்தாள். வியர்வையும் புழுதியுமாக அப்பா நின்றார். அவர் முகத்தில் அத்தனை பூரிப்பை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

"ஏளா, நீ ரொம்ப நல்லா பாடுதியாமே" என்றார்.

அம்மா அவரை ஒரு கணம் பார்த்தாள். "காப்பி போடட்டுமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். அப்பா செருப்பைக் கழற்றினார், டிவியைப் போட்டார், நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அன்று அவர் சத்தத்தைக் கூட்ட வேண்டியிருக்கவில்லை.