முக்கால் கட்டை

சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்து, மூடியை ஒரு கையால் அழுத்திப் பிடித்தபடி, பக்கத்துப் படியில் கிடக்கும் போனை லிப்ட்காரர் முறைத்துக்கொண்டிருப்பார். டப்பாவைத் திறந்தால் போதும், அதற்கு எப்படியோ மூக்கு வேர்த்துவிடும் என்பது அவருடைய இருபத்திரண்டு வருட அனுபவம். "அடிக்கிறதுன்னா இப்பவே அடிச்சுத் தொலை" என்று அதனிடம் கெஞ்சிப் பார்ப்பார். ஒரு நிமிடம் பொறுப்பார். அது வாயே திறக்காது. சரி, இன்று நல்ல நாள்தான் என்று மூடியைத் திறந்து முதல் வாய் வைப்பார். அடித்துவிடும். எங்கோ ஒரு கட்டடத்தில், இரண்டு மாடிகளுக்கு நடுவே, யாரோ லிப்டுக்குள் மாட்டிக்கொண்டிருப்பார்கள்.

முப்பத்தெட்டுக் கட்டடங்களின் லிப்டுகள் அவர் பொறுப்பு. அத்தனையிலும் அவருக்கு ஒரே பெயர்தான், லிப்ட்காரர். நீலச் சட்டை, கழுவினாலும் போகாத கிரீஸ் விரல்கள், தோளில் ஒரு கருவிப்பை. சட்டையின் நான்காவது பொத்தானைப் பார்த்தாலே பாவமாக இருக்கும். அவ்வளவு பாரம் அதன் மேல்.

எடையை அவர் கிலோவில் சொல்ல மாட்டார். லிப்ட் எவ்வளவு தாங்கும் என்று சோதிக்க இருபது கிலோ இரும்புக் கட்டைகளை அடுக்குவார்கள். அதுதான் அவருக்குக் கணக்கு. மச்சினனைப் பார்த்து "இவன் மூணரைக் கட்டை" என்பார். தன்னைப் பற்றிக் கேட்டால் குரல் இறங்கிவிடும். "எனக்கு முக்கால் கட்டை ஜாஸ்தி."

அந்த முக்கால் கட்டை சந்தி சிரித்தது மூன்று மாதத்துக்கு முன்னால். பழைய ஆறு மாடிக் கட்டடம் ஒன்றில், லிப்டின் இயந்திர அறைக்குப் போக வேண்டுமென்றால் இரும்பு ஏணியில் ஏறி, கூரையிலுள்ள சின்னச் சதுரத் திறப்பில் உடம்பை நுழைக்க வேண்டும். மூன்றாவது மாடியில் தனியாக இருக்கும் ரிட்டயர்டு டீச்சர் லிப்டுக்குள் மாட்டிக்கொண்டிருந்தார். இவர் தலையை நுழைத்தார், தோளை நுழைத்தார், வயிறு வந்ததும் நின்றுவிட்டார். மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் வர முடியவில்லை. கீழிருந்து டீச்சரின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. "தம்பி, வந்துட்டீங்களா? தம்பி?" இவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, "வந்துட்டேன் டீச்சர், இதோ" என்று பொய் சொன்னார். வேறு ஆள் வந்து இவரைக் காலைப் பிடித்து இழுத்து, பிறகு மேலே ஏறி டீச்சரை எடுப்பதற்குள் முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது.

ஆபீஸே விழுந்து விழுந்து சிரித்தது. சூப்பர்வைசர் பெண் மட்டும் சிரிக்கவில்லை. இவரைவிடப் பதினைந்து வயது இளையவர். "அண்ணே, உங்க கை வேற யாருக்கும் வராது. ஆனா உள்ளே இருந்தது இதய நோயாளியா இருந்தா என்ன பண்ணியிருப்போம்? மூணு மாசம் டைம். அதே திறப்புல பையோட ஏறிக் காட்டுங்க. இல்லேன்னா போன் எடுக்கிற சீட்டுல உட்கார வச்சிடுவேன்."

போன் சீட்டு! மின்விசிறி உண்டு, நேரத்துக்குச் சாப்பாடு உண்டு, வேறு ஒருவனாக இருந்தால் கும்பிட்டு வாங்கிக்கொள்வான். இவருக்கு அது வேண்டவே வேண்டாம். கதவைப் பிளந்து திறக்கும்போது உள்ளே இருப்பவர் முகத்தில் வருகிற அந்த வெளிச்சம் இருக்கிறதே, அதற்காகத்தான் மனிதர் காலையில் எழுந்திருக்கிறார். அதைப் போனில் பார்க்க முடியுமா?

மெலிவதற்கு ஊரே வழி சொன்னது. மச்சினன் ஒரு வேளைச் சாப்பாடு போதும் என்றான். மூன்றாம் நாள் லிப்டின் உச்சியில் நிற்கும்போது கண் இருட்டிக்கொண்டு வர, கம்பியைப் பிடித்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். அந்த விஷப்பரீட்சை அன்றோடு சரி. அடுத்து, எல்லாக் கட்டடத்திலும் படியேறியே போவது என்று முடிவெடுத்தார். நல்ல யோசனைதான். ஆனால் லிப்ட்காரர் மூச்சிரைக்கப் படியேறுவதைப் பார்த்த குடித்தனக்காரர்களுக்குக் கிலி பிடித்துவிட்டது. "உங்க ஆளே லிப்டுல ஏற மாட்டேங்கிறாரே, நாங்க எந்த நம்பிக்கையில ஏறுறது?" என்று ஒரே வாரத்தில் பதினோரு புகார். "அண்ணே, தயவுசெஞ்சு லிப்டுலயே போங்க" என்று சூப்பர்வைசர் கையெடுத்துக் கும்பிட்டார்.

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மனைவி, எட்டு மணி, பதினோரு மணி, ஒரு மணி என்று சாப்பாட்டு அட்டவணை எழுதிப் பிரிட்ஜில் ஒட்டினார். லிப்ட் என்ன அட்டவணை பார்த்தா நிற்கிறது? இரண்டு வாரம் கழித்து லிப்ட்காரர் தன் பழைய பேண்ட்டை இடுப்பில் வைத்துப் பார்த்தார். ஒரு விரல்கூடக் குறையவில்லை.

"உங்க டப்பாவுல தப்பில்லைங்க. அதைக் கட்டுறவ நான். டப்பாவுக்கு வெளியிலதான் ஏதோ நடக்குது."

"சத்தியமா ஒண்ணும் திங்கறதில்லம்மா."

"சரி. வாயில எது போனாலும் அதோட உறையை மட்டும் பையோட சைடு அறையில போட்டு வைங்க. ஒரு வாரம்தான்."

ஞாயிற்றுக்கிழமை காலை பையைக் கவிழ்த்ததும் சாப்பாட்டு மேசை நிறைந்துவிட்டது. பிஸ்கட் உறை, கேக் காகிதம், சாக்லேட் தாள், சர்க்கரைப் பொட்டலத்தோடு தேநீர் குடித்த காகிதக் கோப்பைகள். கையும் களவுமாகப் பிடித்தாயிற்று என்று மனைவி இடுப்பில் கைவைத்து நின்றார். லிப்ட்காரர் ஒன்றை எடுத்தார். "இது அந்த ஒன்பதாவது மாடி வக்கீல். வெளியே வந்ததும் என் கையைப் பிடிச்சு அழுதுட்டாரு." இன்னொன்றை எடுத்தார். "இது நிறைமாசப் பொண்ணு. அது வாங்கி வச்சிருந்த கேக்கு. கை எப்படி நடுங்கிச்சு தெரியுமா? வேணாம்னு சொன்னா அது முகம் என்னத்துக்கு ஆகும்?" இப்படியே ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனார். பயந்து வெளியே வருகிறவர்களுக்குக் கையில் இருப்பதை யாருக்காவது கொடுத்தால்தான் நடுக்கம் நிற்கும். எதிரே நிற்பது இவர் ஒருவர்தானே.

திட்டுவதற்காகத் திறந்த வாயை மனைவி மூடிக்கொண்டார். பாவம், இந்த மனிதர் தின்று கொழுக்கவில்லை, ஊராரின் நன்றியைச் சுமந்து திரிகிறார் என்று அவருக்கு மனம் இளகிவிட்டது. ஆனாலும் மருந்துக்கடைக்காரி விடுவாரா?

"வேணாம்னு சொல்லாதீங்க. பாதியை அவங்களையே திங்க வைங்க. பயந்தவங்க வயித்துக்கும் ஏதாவது வேணும். தேநீர்ல சர்க்கரை கிடையாது. டப்பாவை வேலைக்கு முன்னாடியே பாதி காலி பண்ணிடுங்க, அப்ப போன் அடிச்சா அடிச்சுட்டுப் போகட்டும். வேற ஒண்ணும் நீங்க செய்ய வேண்டாம்."

இவ்வளவுதானா என்று அவருக்குச் சப்பென்றுதான் இருந்தது. ஆனால் செய்தார். பட்டினி கிடக்கவில்லை, கண் இருட்டவில்லை. வாரத்துக்கு அரைக் கிலோ, சில வாரம் அதுவும் இல்லை. கெடு முடிய மூன்று நாள் இருந்தபோது, "கால் கட்டைதான் போயிருக்கு. அரைக் கட்டை அப்படியே உட்கார்ந்திருக்கு" என்றார். அன்று ராத்திரி அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மனைவிதான் அதட்டிச் சாப்பிட வைத்தார்.

மறுநாள் முற்பகல் போன் அடித்தது. அதே ஆறு மாடிக் கட்டடம், அதே டீச்சர். சூப்பர்வைசரும் பின்னாலேயே வந்துவிட்டார். ஏணியடியில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார். லிப்ட்காரர் பையை இறுக்கிக்கொண்டு ஏறினார். தலை, தோள். வயிறு வந்ததும் மூச்சை முழுக்க வெளியே விட்டார். இரும்பு விளிம்பு சட்டையை உரசியது. நான்காவது பொத்தான் தெறித்து, ஏணிப்படிகளில் தட்டித் தட்டி, சூப்பர்வைசரின் காலடியில் போய் விழுந்தது. அவர் அண்ணாந்து பார்த்தபோது லிப்ட்காரரின் செருப்புகள் மட்டும் தெரிந்தன. பிறகு அவையும் மறைந்தன.

"தம்பி, வந்துட்டீங்களா?"

"வந்துட்டேன் டீச்சர்!" இந்த முறை பொய் இல்லை.

பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் சுற்றி, லிப்டை மாடி மட்டத்துக்கு இறக்கிவிட்டு ஓடி வந்து கதவைத் திறந்தார். டீச்சர் வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டார். பெருமூச்சு விட்டார். கைப்பையைத் துழாவி ஒரு கேக் பொட்டலத்தை எடுத்து நீட்டினார். அவர் விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன.

லிப்ட்காரர் அதை இரண்டாகப் பிட்டார். பெரிய பாதியை டீச்சரின் உள்ளங்கையில் வைத்து, அவர் கடிக்கும்வரை காத்திருந்து, பிறகுதான் தன்னுடையதை வாயில் போட்டார். அப்புறம் பொத்தான் இல்லாத சட்டையை ஒரு கையால் இழுத்துப் பிடித்தபடி, உறையையும் பல்லால் கடித்துச் சரிபாதியாகக் கிழித்து, தன் பாதியை மட்டும் பையின் சைடு அறையில் போட்டுக்கொண்டார்.