பாலில் தெரிந்த நீல ஒளி

பால்மரத்திடமிருந்து, அதாவது ரப்பர் மரத்திடமிருந்து, தப்பிக்கத்தான் நான் படித்தேன். விடிவதற்கு முன் எழுந்து, கொசுக்கடியில் மரங்களின் நிரை நிரையாக நடந்து பால் வெட்டும் வேலை எனக்கு ஆகாது என்று பள்ளிக்கூடம் போகும்போதே முடிவு செய்திருந்தேன். பட்டம் வாங்கி, எழுபதுகளின் கடைசியில் உயிர்வேதியியல் மேற்படிப்புக்குப் பினாங்கில் இடமும் கிடைத்தது. என் பேராசிரியர் எனக்கு ஒதுக்கிய ஆராய்ச்சிப் பொருள் என்ன தெரியுமா? ரப்பர் பாலில் இருக்கும் புரதங்கள். தலையெழுத்து துரத்திக்கொண்டு கடல் தாண்டி இந்தத் தீவுக்கே வந்துவிட்டதே என்று சிரித்துக்கொண்டேன்.

ஆனால் அந்தக் கருவியைப் பார்த்ததும் என் சலிப்பெல்லாம் போய்விட்டது. ஃபுளோரசென்ஸ் கருவி என்று சொல்வோம். கறுப்புத் திரை போட்ட சிறிய அறையில் இருந்தது. புரதக் கரைசலைச் சதுரமான சிறு குவளையில் ஊற்றி உள்ளே வைத்தால், கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை அதன்மேல் பாய்ச்சும். புரதத்துக்குள் டிரிப்டோஃபேன் என்று ஓர் அமினோ அமிலம் இருக்கிறது. அது அந்த ஒளியை வாங்கிக்கொண்டு, சற்றே வேறான ஒளியாகத் திருப்பிக் கொடுக்கும். எவ்வளவு கொடுக்கிறது என்பதை ஒரு பேனா முனை காகிதத்தில் மேடாக வரைந்து காட்டும். புரதம் ஒழுங்காக மடிந்திருந்தால் மேடு ஓரிடத்தில் இருக்கும். மடிப்பு அவிழ்ந்துவிட்டால் நகர்ந்துபோகும். உடைக்காமல், நசுக்காமல், உள்ளே என்ன நடக்கிறது என்று புரதத்தையே விசாரிக்கும் வேலை. எனக்கு அது முதல் நாளே பிடித்துப்போயிற்று.

பாலுக்கு எங்கே போவது என்று நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. கோலா கெத்தில் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் அம்மா பால் வெட்டிக்கொண்டிருந்தார். அப்பா இறந்த பிறகும் அந்தத் தொழிலாளர் லயத்து வீட்டிலேயே இருந்தார். விஷயத்தைச் சொன்னதும், இதுநாள்வரை தோட்டத்து ஸ்டோருக்குப் போன பால் இனிமேல் பல்கலைக்கழகத்துக்கும் போகப்போகிறதா என்று அவருக்கு ஒரே பெருமை. மரத்தில் பால் வடியும் கிண்ணமான மங்கில், பால் உறையாமலிருக்க வழக்கமாகச் சொட்டும் அமோனியாவைப் போடக்கூடாது, வெட்டிய உடனே ஐஸில் வைக்க வேண்டும், தூசு தும்பு இல்லாமல் சுத்தமாக இருக்க வேண்டும் என்று சொல்லி ஒரு பெரிய ஃபிளாஸ்க்கையும் கொடுத்துவிட்டு வந்தேன்.

சனிக்கிழமைகளில் நான் ஃபெரியில் கடலைத் தாண்டி, பஸ் பிடித்து சுங்கை பட்டாணி பஸ் நிலையத்துக்கு வருவேன். அம்மா காலை வேலையை முடித்துக்கொண்டு, ஃபிளாஸ்க்கைக் கைக்குழந்தை போல் அணைத்தபடி கோலா கெத்தில் பஸ்ஸில் வந்து இறங்குவார். நான் தோட்டம்வரை வரும்வரை காத்திருந்தால் ஐஸ் உருகிவிடுமாம். கூடவே நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் ஒன்றும் இருக்கும். பேசக் கொஞ்ச நேரம்தான் கிடைக்கும். திரும்பும் பஸ்ஸில் ரப்பர் பாலின் வீச்சத்துக்குப் பக்கத்து இருக்கைக்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். ஒரு கண்டக்டர், ஃபிளாஸ்க்கில் இருக்கும் கோப்பி கெட்டுப்போய்விட்டது, கொட்டிவிடு என்று எனக்கு அன்போடு அறிவுரை சொன்னார்.

பாலிலிருந்து ரப்பரைப் பிரித்து, மிஞ்சிய தெளிந்த நீரைக் கருவியில் வைத்தேன். எதிர்பார்த்த இடத்தில் மேடு வந்தது. அதைத் தாண்டி, நீல ஒளி இருக்கும் பக்கத்தில், அழகான இன்னொரு மேடும் வந்தது. எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. மறு வாரமும் வந்தது. அதற்கு அடுத்த வாரமும் வந்தது.

என் பேராசிரியர் பினாங்குச் சீனர். ஒரு வார்த்தைக்கு மேல் பேசினால் காசு போய்விடும் என்பது போல் இருப்பார். அவரே என்னைக் கூப்பிட்டுத் தே தாரே டீ வாங்கிக் கொடுத்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு முடிவில் துறைக் குழு ஒன்று என் வேலையைப் பார்த்து, தொடரலாமா வேண்டாமா என்று சொல்ல இருந்தது. வேண்டாம் என்றால் உதவித்தொகை நின்றுவிடும். அதோடு படிப்பும் முடிந்தது. அதுவரை குழுவிடம் காட்ட உருப்படியாக என்னிடம் எதுவும் இல்லை. இப்போது இரண்டாவது மேடு இருந்தது. யாரும் காணாத ஒரு புதிய புரதமாக அது இருக்கலாம் என்றார் அவர். எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

செமிலிங் ஊர்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து பால் வரவழைத்து வைத்துப் பார்த்தோம். அதில் முதல் மேடு மட்டும்தான் இருந்தது. அம்மா வெட்டும் மரங்களில்தான் ஏதோ விசேஷம் என்று பேராசிரியர் சொன்னபோது, அந்த மரங்களே எனக்குச் சொந்தம் போல் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அந்த நிமிர்வு ரொம்ப நாள் நீடிக்கவில்லை. புரதத்தின் மடிப்பை அவிழ்க்க யூரியா கலந்து பார்ப்பது வழக்கம். கலந்தேன். முதல் மேடு ஒழுங்காக நகர்ந்தது. இரண்டாவது மேடு, உனக்கும் எனக்கும் என்ன பேச்சு என்பது போல் நின்ற இடத்திலேயே நின்றது. கொதிக்க வைத்துப் பார்த்தேன்; அப்போதும் அசையவில்லை. புரதமாக இருந்தால் இவ்வளவுக்கும் சும்மா இருக்காது. பேனா வரைந்த படத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். பேராசிரியர் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, மரத்திலிருந்து ஃபிளாஸ்க்வரை பால் எப்படி வருகிறது என்று நீயே போய்ப் பார்த்துவிட்டு வா என்றார்.

தோட்டத்துக்கு வந்து, அம்மாவோடு அவர் பால் வெட்டும் மரநிரைக்குப் போனேன். அவர் முந்தைய வெட்டுக் கோட்டில் உறைந்திருந்த கோட்டுப்பாலை இழுத்தெடுத்துவிட்டு மரம் மரமாக வெட்டிக்கொண்டே போக, நான் துப்பறிகிறவள் மாதிரி பின்னாலேயே நடந்தேன். கத்தியில் ஒன்றும் இல்லை. மங்கில் ஒன்றும் இல்லை. ஐஸ் கட்டியும் சுத்தமாகத்தான் இருந்தது. கடைசியில் அம்மா கையைக் கழுவி, பையிலிருந்து மடித்த வெள்ளைத் துணி ஒன்றை எடுத்தார். ஃபிளாஸ்க் வாயில் விரித்து, பாலை அதன்மேல் மெதுவாக ஊற்றினார். பட்டைத் துணுக்குகள் துணியில் தங்கின.

இது எதற்கு என்று கேட்டேன். நீதானே சுத்தமாக வேண்டும் என்றாய் என்றார். ஒவ்வொரு வாரமும் சவர்க்காரத் தூளில் ஊறவைத்துத் துவைத்து, வெயிலில் காயப்போட்டு எடுத்து வைப்பாராம். துணி உண்மையிலேயே கண்ணைப் பறிக்கிற வெள்ளை. எனக்கு அப்போதும் எதுவும் உறைக்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று அதைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

பினாங்குக்கு வந்து, கறுப்புத் திரைக்குப் பின்னால் புற ஊதா விளக்கைப் போட்டு அதைக் காட்டினேன். துணி நீலமாக ஒளிர்ந்தது. அறையே லேசாக வெளுத்துவிட்டது. துணியை நீரில் ஊறவைத்து, அந்த நீரைக் குவளையில் ஊற்றிக் கருவியில் வைத்தேன். பேனா முனை நகர்ந்தது. வரைந்தது இரண்டாவது மேடு. அந்த ஒரு மேடு மட்டும்தான்.

துணி வெள்ளையாகத் தெரிவதற்காகச் சவர்க்காரத் தூளில் ஒரு சாயம் கலப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒளியை வாங்கி நீல ஒளியாகக் கொடுப்பதுதான் அதன் வேலை. நான் புரதத்திடம் எதிர்பார்த்ததை அது இன்னும் நன்றாகச் செய்துவிட்டது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார்மேல் காட்டுவது என்று தெரியாமல், வெள்ளையோ வெள்ளை என்று ரேடியோவில் பாடும் தூள் கம்பெனிகள்மேல் காட்டினேன். பிறகு கொஞ்ச நேரம் அழுதேன்.

மறுநாள் பேராசிரியரிடம், நம்முடைய புதிய புரதம் கடையில் பெட்டியில் விற்கிறது என்று சொன்னேன். அவர் சிரிப்பார் என்று நினைக்கவில்லை, சிரித்தார். ஊருக்குச் சொல்வதற்கு முன்னால் நாமே கண்டுபிடித்தோமே, அதுவே போதும் என்றார். குழுவிடம் எதையும் மறைக்காமல் அப்படியே சொல்லச் சொன்னார். துணி, தூள், யூரியா எல்லாவற்றையும் சொன்னேன். தன் மேட்டையே சந்தேகிக்கத் தெரிந்த மாணவியை ஏன் அனுப்ப வேண்டும் என்று பேராசிரியர் எனக்காக வாதாடினார் என்று பிறகு கேள்விப்பட்டேன். உதவித்தொகை நீடித்தது. கருவியில் தனக்கென்று ஒதுக்கியிருந்த நேரத்திலும் பாதியை எனக்கு விட்டுக்கொடுத்தார். அந்த மனிதருக்கு நான் வாய் திறந்து நன்றி சொன்னதைவிட மனதுக்குள் சொன்னதுதான் அதிகம்.

மிச்சம் இருந்தது அம்மாவிடம் சொல்வது. குழுவைவிட அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சொல்லாமலே வேறு துணி கொடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் காரணம் கேட்காமல் விடுகிற ஆள் அம்மா இல்லை. அடுத்த சனிக்கிழமை பஸ் நிலையத்தில் நிற்காமல் நேரே வீட்டுக்குப் போய், அடுப்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். துணியின் வெள்ளைதான் பாலுக்குள் இறங்கிவிட்டது என்றேன். பழைய துணி ஏதாவது இருந்திருந்தால் பரவாயில்லையே, இவ்வளவு வெள்ளையாக எங்கே கிடைத்தது என்றும் கேட்டேன்.

அம்மா எழுந்து போய் டிரங்குப் பெட்டியைத் திறந்தார். மாதா கோயிலில் தாலி கட்டியபோது உடுத்திய வெள்ளை நூல் சேலையை எடுத்து வந்து விரித்தார். கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் மட்டும் கட்டுவது. அப்பா எடுத்துக் கொடுத்தது. உள்பக்க ஓரத்தில் ஒரு சதுரம் கத்தரித்து எடுக்கப்பட்டிருந்தது.

“முந்தியில வெட்டலம்மா. உள்ள சொருவுற பக்கந்தான். கட்டுனா தெரியாதுலா,” என்றார், நான் அதற்காகத்தான் திட்டப்போகிறேன் என்பது போல.

படித்தவள், பட்டம் வாங்கியவள், அந்தச் சதுர ஓட்டையின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தேன்.

“சேலை கெடக்கு. உன் படிப்பு போயிறலையே?”

போகவில்லை என்று தலையாட்டினேன். அம்மா பெருமூச்சு விட்டார். சேலையை மடித்து வைத்தார்.

“அப்படின்னா சரி. இனிமே எதுல வடிகட்டுறது?”

வடிகட்டவே வேண்டியதில்லை என்பதுதான் உண்மை. பாலை இயந்திரத்தில் வைத்து வேகமாகச் சுழற்றினால் ரப்பர் மேலே வந்துவிடும், தூசும் துணுக்கும் அடியில் தங்கிவிடும். அதற்குத் துணியும் தேவையில்லை, சேலையும் தேவையில்லை. அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. டீ வடிகட்டி போதும் என்றேன். மறு சனிக்கிழமை அம்மா புதிதாக ஓர் எவர்சில்வர் வடிகட்டி வாங்கி வைத்திருந்தார்.