டமார் அண்ணன் வாங்கிய சிம்பல்

பட்டப்பெயர் வைப்பதில் இசைக்குழுக்காரர்களை மிஞ்ச ஆள் கிடையாது. இருபத்தெட்டு வருடம் டிரம்ஸ் வாசித்த மனிதருக்கு அவர்கள் வைத்த பெயர் டமார். பெற்றவர்கள் ஆசை ஆசையாய் வைத்த பெயர் வங்கிப் புத்தகத்தோடு நின்றுவிட்டது. அவரும் டமாரைப் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டார். ஒரு ஹோட்டல் மாடியில் வாரத்துக்கு ஐந்து நாள் வாசிப்பு. அதில்தான் வீடு ஓடியது. மனைவியின் தையல் வருமானம் வாடகைக்கே பற்றாது.

அந்தப் பிழைப்புக்குத்தான் ஒரு சிம்பல், டிரம்ஸோடு மாட்டி அடிக்கும் வெண்கலத் தட்டு, வேட்டு வைக்கப் பார்த்தது.

"டமாரு, உன் பெரிய சிம்பல்ல கீறல் விழுந்திருக்கு. ஜிர்ருன்னு இழுக்குது. சாப்பிட வர்றவங்க முகத்தச் சுளிக்கிறாங்க" என்றார் பேண்டு மாஸ்டர். "வெள்ளிக்கிழமைக்குள்ள அத மாத்து. இல்லன்னா நான் ஆளத்தான் மாத்தணும்."

கீறல் கண்ணுக்குத் தெரிந்தது. அந்த ஜிர்தான் அவருக்குக் கேட்கவில்லை. மாஸ்டருக்குத் தன்மேல் ஏதோ காய்ச்சல் என்று முடிவு கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். நடந்ததைக் கேட்ட மனைவி, "ஒரு தடவ காத டாக்டர்கிட்ட காட்டுங்களேன். காலிங்பெல் அடிச்சாக்கூட நான்தான் எந்திரிச்சுப் போக வேண்டியிருக்கு" என்றாள்.

"உன் தையல் மிஷின் போடுற கூச்சல்ல எவனுக்குக் கேக்கும்?" என்று அவள் வாயை அடைத்தார். அவள் நியாயமாக ஒன்று சொல்லி, அவர் அவள் வாயை அடைக்காத நாள் எது?

கம்பெனி சிம்பல் எல்லாம் யானை விலை, குதிரை விலை. ஆகவே பஸ் டெப்போவுக்குப் பின்னால் இருந்த வெண்கலப் பட்டறைக்குப் போனார். அங்கே ஆறு பேர் உட்கார்ந்து சுத்தியலால் தட்டித் தட்டியே சிம்பல் செய்தார்கள். வியாபாரம் அமோகம். கைவேலை என்பதால் ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. வாங்குகிறவர் ஒவ்வொன்றாய் அடித்துக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். சுவரோர அடுக்கில் மலிவு ரகம் இருந்தது. பார்வைக்கு ஒரு குறையும் இருக்காது, ஓசையில்தான் ஏதாவது கொஞ்சம் பிசகியிருக்கும். அதிலும் நல்லது கிடைக்கும், காது இருந்தால்.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம். சுத்தியல் பிடித்தவர் எவரும் ஓசை பார்க்கக் கூடாது. முதலாளியும் கூடாது. சுத்தியலையே தொடாத அவருடைய மருமகள்தான் ஒவ்வொன்றையும் அடித்துக் கேட்டு, இது நல்ல விலைக்கு, இது மலிவுக்கு, இது உருக்குவதற்கு என்று பிரிப்பாள். நல்ல கூத்து, செய்கிறவனுக்குத் தெரியாததா இவளுக்குத் தெரிந்துவிடும் என்று டமார் நினைத்தார்.

மலிவு அடுக்கில் பத்து சிம்பல்களை அடித்துப் பார்த்தார். ஒன்பதும் அவருக்குப் பானை மூடியாகத்தான் கேட்டன. பத்தாவது பளிச்சென்று பேசியது.

"இதான்! உயிர் இருக்கு பாரு இதுல!"

மருமகள் காதருகே கையைக் கொண்டுபோனாள். "அது வேண்டாங்க சார், ரொம்பக் குத்தும். மூணு பேர் வாங்கிட்டுப் போய்த் திருப்பிக் குடுத்துட்டாங்க. அந்தக் கோடியில இருக்கு பாருங்க, அத எடுங்க. இதமா இருக்கும்."

"அம்மாடி, நீ பொறக்கறதுக்கு முந்தியே நான் குச்சி பிடிச்சவன். எனக்கே பாடமா?"

அவள் அதைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்பவரை யார் என்ன செய்ய முடியும்?

வெள்ளிக்கிழமை ஒத்திகை. முதல் அடியிலேயே பாடகி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். "ஐயோ அண்ணே, பல்லு கூசுது!" என்று டிரம்பெட்காரன் அலறினான். மாஸ்டர் எழுந்து வந்து முன்னால் நின்றார்.

"என்ன டமாரு, பழிவாங்கறியா? நாளைக்கு ஒரு நாள் பொறுக்கறேன். அதோட சரி."

எல்லோரும் சேர்ந்து நாடகம் ஆடுகிறார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் பாடகியின் கண்ணில் நீர் வந்திருந்தது. அது நடிப்பில்லை. அப்படியானால் பட்டறைக்காரன்தான் ஏமாற்றியிருக்க வேண்டும்.

மறுநாள் காலையில் பட்டறை வாசலிலேயே கத்தத் தொடங்கிவிட்டார். "ஓட்டத் தகரத்த என் தலையில கட்டிட்டீங்களேய்யா!"

எழுபதை நெருங்கிய முதலாளி, சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு அந்தச் சிம்பலை வாங்கி ஒரு தட்டுத் தட்டினார். "எனக்கு நல்லாத்தான் கேக்குது" என்றார்.

"அப்புறம் என்ன?"

"அதாங்க சிக்கலே. எனக்கு நல்லாக் கேட்டா அது நல்லதில்ல. அம்பது வருஷம் சுத்தியல் சத்தத்துல கெடந்த காது. மெலிசான ஓசையெல்லாம் எப்பவோ போயிருச்சு. குத்தறது மட்டுந்தான் உள்ள வரும், நல்லதெல்லாம் பானை மூடி. அதனாலதான் மருமகள நிக்க வெச்சிருக்கேன்." கொஞ்சம் தயங்கிவிட்டு, மெதுவாகக் கேட்டார்: "உங்களுக்கும் அப்படித்தானா?"

டமாருக்குக் கன்னத்தில் அறை விழுந்தது போலிருந்தது. பானை மூடி என்று அவர் யாரிடமும் சொல்லவே இல்லை. இல்லையென்று மறுக்க வாயைத் திறந்தார். வேறு என்னமோதான் வந்தது.

"உங்களுக்குக் கை இருக்கு, பொழச்சுக்குவீங்க. எனக்குக் காதுதானேய்யா சோறு போடுது!"

மருமகள் அந்தக் கோடியில் இருந்ததை எடுத்துத் துடைத்து அவர் கையில் கொடுத்தாள். குத்தும் சிம்பலைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். நன்றி சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. அவள்மேல் ஆத்திரம்தான் வந்தது. அவளுக்குக் கேட்கிறதே!

மாலை ஒத்திகையில் புதிதை மாட்டி அடித்தார். மெத்தையில் தட்டியது போல் இருந்தது. பயத்தோடு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பாடகி சிரித்தாள்.

"அட அட அட! எங்கய்யா பிடிச்ச இத?" என்று மாஸ்டர் தோளைத் தட்டினார். "இதுக்குத்தான் அனுபவம் வேணுங்கறது. காதுன்னா இதுய்யா காது!"

டமார் மறுக்கவில்லை. மறுத்தால் வேலை போகும். வெட்கங்கெட்ட சிரிப்பு ஒன்றைச் சிரித்துவைத்தார்.

"முதல் பாட்ட இதுல இருந்தே எடுத்துடலாம். ஒரே அடி. ஓசை முழுசா அடங்கினதும் நீயே தாளத்த ஆரம்பி" என்றார் மாஸ்டர்.

டமார் அடித்தார். அடங்கிவிட்டது. தாளத்துக்காகக் குச்சியை இறக்கப் போனார்.

"பொறுங்கண்ணே." டிரம்பெட்காரன் கண்ணை மூடியபடியே கையைக் காட்டினான். "இன்னும் கேக்குது. என்ன அழகு!"

எல்லோரும் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். டமார் குச்சியைத் தூக்கிப் பிடித்தபடி, அவர்கள் கேட்டு முடிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தார்.