பெட்ரா மேடம் வகுப்பில் எங்கள் வீட்டார்

ஹாம்பர்க்கில் என் அறையில் திறந்தநிலை இணையப் படிப்பு ஒன்றைப் போட்டேன். பேராசிரியர் திரையில் சிரித்தபடி, "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டு இரண்டு நொடி நிறுத்தினார். நானும் மரியாதையாக, "நல்லா இருக்கேன் சார்" என்றேன். அது என்றைக்கோ பதிவு செய்த வீடியோ என்பது பிறகுதான் உறைத்தது. இலவசம், யாரும் சேரலாம், எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம் என்றார்கள். அந்த 'எப்போது வேண்டுமானாலும்' எனக்கு வரவேயில்லை. நான்கில் சேர்ந்து நான்கையும் பாதியில் விட்டேன். ஏன் வரவில்லை என்று கேட்க நாதியில்லை. பொத்தேரியில் படித்த காலத்தில் கல்லூரிக்கு ஒரு நாள் மட்டம் போட்டால் பஸ் கண்டக்டரே விடமாட்டார்: "இன்னா சார், நேத்து ஆளையே காணோம்?"

குழுவை நடத்துவது எப்படி என்று அலுவலகம் ஏற்பாடு செய்த இணைய வகுப்பு வேறு ரகம். எட்டே பேர், நேரலை, கேமரா கட்டாயம். பயிற்சியாளர் பெட்ரா, நான் கண் அசந்தால் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். கடைசி வகுப்பில் பேசித் தேறினால்தான் எனக்குக் குழுத்தலைவர் பதவி. பாழாய்ப்போன அந்த வகுப்பு, நான் விடுமுறையில் பெருங்களத்தூர் வீட்டில் இருந்தபோது வந்து வாய்த்தது.

"ஒரு மணி நேரம் யாரும் இந்த ரூம் பக்கம் வராதீங்க" என்று காலையிலேயே கெஞ்சியிருந்தேன். மழை இருட்டிக்கொண்டு வந்தது. வகுப்பில் என் முறை வந்து வாயைத் திறந்தேன், கரண்ட் போனது. வைஃபையும் காலி. ஒழிந்தேன் என்று தலையில் கை வைத்தேன். கதவு படாரென்று திறந்தது. அக்கா தன் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, "ஜன்னல் கிட்டதான்டா சிக்னல், நீ பேசு" என்று கையை வெளியே மழையில் நீட்டியபடி நின்றாள். அத்தான் என் முகத்தில் டார்ச் அடித்தார். அம்மா விசிறினாள். மேல் வீட்டு ஸ்டெல்லா ஆன்ட்டி தன் இன்வெர்ட்டரிலிருந்து ஒயர் இழுத்து வந்து லேப்டாப்பில் செருகி, கேமராவை எட்டிப் பார்த்தார்.

"ஹலோ மேடம், சாப்ட்டீங்களா?"

பெட்ரா விழித்தார். மொழிபெயர்த்தேன். "இல்லை, வகுப்பு முடிந்த பிறகுதான்" என்றார் சீரியஸாக.

"அச்சச்சோ! சட்டுனு பாஸ் போட்டுட்டுப் போய் சாப்பிடச் சொல்லுப்பா."

மானம் போனது. பெட்ராவோ டார்ச், ஒயர், விசிறி எல்லாவற்றையும் வியந்து பார்த்தார். "வேலையை எவ்வளவு அழகாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறீர்கள்! இவர்களுக்கு எத்தனை நாள் பயிற்சி?"

"வரவே வேண்டாம் என்றுதான் சொன்னேன்" என்றேன். அதை அவர் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். தேறிவிட்டேன்.

இப்போது ஹாம்பர்க்கில் நான் குழுத்தலைவர். நேற்று கூட்டத்தின் நடுவே இணைப்பு அறுந்தது. என் குழுவினர் அத்தனை பேரும் அசையாமல், நான் என்ன சொல்வேன் என்று என் முகத்தையே பார்த்துக் காத்திருந்தார்கள். நான் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.