புதுவயல் ஏச்சும் மயாமிச் சிரிப்பும்

மயாமிக்கு வந்த முதல் வருடம் என்னிடம் ஆங்கிலத்தில் பேச்சைத் தொடங்கியவர்கள் மிகக் குறைவு. பேருந்து, தபால் நிலையம், காய்கறிக் கடை, எங்கே போனாலும் ஸ்பானிஷ்தான். என் நிறத்தையும் முடியையும் பார்த்துக் கியூபாக்காரி என்று நினைத்துக்கொள்வார்கள். ஒருநாள் வாழைக்காய் எடை போட்ட அம்மாள் என்னிடம் ஏதோ கேட்டார். "நோ ஸ்பானிஷ்" என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. எனக்குப் பின்னால் நின்றவரிடம் என்னவோ சொல்லிக்கொண்டே காயை என் பக்கம் தள்ளினார். என்ன சொன்னார் என்று பின்னால் நின்றவரைக் கேட்டேன். "பெற்றவள் பேசிய மொழியைப் பேச இவளுக்கு வெட்கமாம்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். நான் தமிழச்சி என்று விளக்கப் போனேன். இருவரும் நம்பவில்லை. வீடு வந்து சேரும்வரை எரிச்சல் அடங்கவில்லை.

எரிச்சலுக்குக் காரணம் உண்டு. என் ஊர் காரைக்குடிக்குப் பக்கத்திலுள்ள புதுவயல். கல்யாணத்துக்கு முன் ஐந்து வருடம் காரைக்குடி ஜவுளிக்கடைகளுக்கு விளம்பரக் குரல் கொடுத்திருக்கிறேன். ஆடித் தள்ளுபடி, கிறிஸ்துமஸ் புதுவரவு, மாதா கோயில் திருவிழா என்று என் குரல் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோவில் கொத்தமங்கலம் வரை போய் வரும். பேருந்தில் நான் டிக்கெட் கேட்டால், "ஏத்தா, ஆட்டோவுல பேசுறது நீதான?" என்று திரும்பிப் பார்ப்பார்கள். அப்படிப்பட்ட குரலை வைத்துக்கொண்டு இங்கே ஒரு வாழைக்காய்கூட மரியாதையாக வாங்க முடியவில்லை.

வேலை செய்ய அனுமதி கிடைத்ததும் ஒரு சிறிய ஒலிப்பதிவுக் கூடத்தில் சேர்ந்தேன். காகிதங்களை அடுக்குவது, நாடாக்களில் பெயர் எழுதி ஒட்டுவது என் வேலை. அங்கேதான் யாமிலாவைச் சந்தித்தேன். அவள் பெற்றோர் ஹவானாவிலிருந்து வந்தவர்கள். அவள் பிறந்தது மயாமியில். கார்ட்டூன்களுக்குக் குரல் கொடுப்பவள். எட்டு வருடமாகக் கொடுத்தும் கிடைத்ததெல்லாம் வேலைக்காரி, சமையல்காரி, கிளி. அவளுடைய ஆங்கிலம் அந்த ஊர்ப் பெண்களின் ஆங்கிலம்தான். ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து பதிவை நடத்துபவர் ஒலிவாங்கிப் பொத்தானை அழுத்தி, "இன்னும் கொஞ்சம் கியூபா சேர்த்துப் பேசு" என்பார். அதே நாள் மாலை ஸ்பானிஷ் வானொலிக்குப் போனால், "உன் ஸ்பானிஷில் அமெரிக்கா வாடை அடிக்கிறது" என்று திருப்பி அனுப்புவார்கள். திரும்பி வந்து என் மேஜையில் உட்கார்ந்து ஆப்பிளைக் கோபமாகக் கடிப்பாள்.

ஒரு கட்டத்தில் சொந்தமாக மைக் வாங்கினாள். வீட்டு அலமாரியில் துணிகளுக்கு நடுவே உட்கார்ந்து, தன் அம்மா எதற்கெடுத்தாலும் சலித்துக்கொள்வதை அப்படியே பேசிப் பதிந்து இணையத்தில் ஏற்றினாள். இணையம் என்பதே அப்போது புதிது. ஐந்து நிமிடச் சிரிப்பைக் கேட்க அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். அப்படியும் கேட்டார்கள். "இது என் அம்மாவேதான்" என்று எங்கெங்கிருந்தோ மின்னஞ்சல் வந்தது. கிளியாக இருந்தபோது அவளுக்கு யாரும் கடிதம் எழுதியதில்லை.

"நீ பக்கத்து வீட்டு இந்தியப் பெண். லாரிக்காரன் உன் வாசலை மறித்து நிறுத்தியிருக்கிறான். உன் மொழியிலேயே திட்டு" என்றாள் யாமிலா ஒருநாள், அந்த மைக்கை என் பக்கம் திருப்பி. நான் சொல் தேட வேண்டியிருக்கவில்லை. புதுவயலில் எங்கள் வீட்டுக்கு எதிரே அரிசி ஆலை. நெல் லாரிகள் எங்கள் வாசலில்தான் நிற்கும். அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்குவாள். அதை அப்படியே எடுத்துவிட்டேன். "ஏப்பா, ஒங்க பாட்டன் வீட்டு ரோடா இது? அங்குட்டுத் தள்ளி நிப்பாட்டுப்பா! தவிட்டுத் தூசி பூராம் எங்க கொழம்புச் சட்டியிலதான் விழுகுது. நீயா வந்து திங்கப் போற?" யாமிலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கேட்டவர்களும் சிரித்தார்கள். அதன்பின் அந்தப் பக்கத்து வீட்டுக்காரி வாராவாரம் பதிவில் வந்தாள்.

அதைக் கேட்டுவிட்டு ஒரு கார்ட்டூன் நிறுவனம் எங்கள் இருவரையும் கூப்பிட்டது. யாமிலாவுக்கு மறுபடியும் வேலைக்காரி. எனக்கு மளிகைக் கடைக்காரி. நான் தமிழில் பேசத் தொடங்கியதும் இயக்குநர் நிறுத்தினார். "இந்த மொழி வேண்டாம். இதே மாதிரி ஒலிக்கிற, அர்த்தமில்லாத எதையாவது பேசுங்கள்."

"இதற்கு அர்த்தம் இருக்கிறது" என்றேன்.

"பார்ப்பவர்களுக்கு அது தெரியப் போவதில்லையே."

அவர் சிரித்த முகமாகத்தான் சொன்னார். நான் கிளம்பி வெளியே வந்துவிட்டேன். ஐந்து நிமிடத்தில் யாமிலாவும் வந்தாள். வாகன நிறுத்தத்தில் நின்று இரண்டு பேரும் அவரவர் மொழியில் அவரைத் திட்டித் தீர்த்தோம். நியாயம் எங்கள் பக்கம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அந்த நினைப்போடுதான் கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனேன். காரைக்குடியில் கல்லூரிச் சாலையில் புதிதாக ஒரு பிரவுசிங் சென்டர் திறந்திருந்தார்கள். நம் பேச்சு உலகமெங்கும் கேட்பதை அம்மாவுக்குக் காட்ட வேண்டும் என்று அழைத்துப் போனேன். அம்மா பூசைக்குப் போகிற பட்டுச்சேலையில் வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். இணைப்பு இரண்டு முறை அறுந்தது. முக்கால் மணி நேரம் கழித்து என் குரல் வந்தது. முறைக்குக் காத்திருந்தவர்கள் எழுந்து வந்து சூழ்ந்துகொண்டார்கள். "கொழம்புச் சட்டி" வந்ததும் கூடமே அதிர்ந்தது. கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நம்ம ஊரு ஏச்ச அமெரிக்கா வரைக்கும் கொண்டுபோயிட்டீகளே!" என்றார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

புதுவயல் பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"அது நான் பேசுனதுதான?"

"ஆமாம்மா."

"அந்த ஊர்க்காரவுகளுக்கு அது வெளங்குச்சா?"

"இல்லம்மா. அவுகளுக்குத் தமிழ் தெரியாதே."

"வெளங்காமயா சிரிச்சாக?"

நான் டிக்கெட்டை மடித்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப என்னத்தக் கேட்டுச் சிரிச்சாக?" என்றாள். கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது சமாளித்திருப்பேன். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "இதற்கு அர்த்தம் இருக்கிறது" என்று இயக்குநரிடம் சொன்னது நினைவுக்கு வந்தது. பேருந்து அரிசி ஆலை நிறுத்தத்தில் நின்றது. அம்மா எனக்காகக் காத்திராமல் இறங்கி முன்னால் நடந்துவிட்டாள்.

மயாமிக்குத் திரும்பி யாமிலாவிடம் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை. "என் அம்மா என் வீட்டுக்கு வந்தால், வாயைத் திறப்பதற்கு முன்னால் மேஜையைச் சுற்றிப் பார்க்கிறாள், மைக் எங்கே இருக்கிறது என்று" என்றாள். ஆனாலும் அவள் பதிவதை நிறுத்தவில்லை. நான் நிறுத்திவிட்டேன். அதில் அவளுக்கு வருத்தம். "கிளியாகவே இருந்துவிடச் சொல்கிறாயா?" என்று கேட்டாள். அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. இப்போதும் அவளுக்கு மின்னஞ்சல்கள் வருகின்றன. பக்கத்து வீட்டுக்காரி எங்கே என்று சிலர் கேட்கிறார்களாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்குப் போன் செய்கிறேன். போன வாரமும் அம்மாதான் எடுத்தாள்.

"வணக்கம். நலமாக இருக்கிறாயா? இங்கு அனைவரும் நலம். இரண்டு நாட்களாக நல்ல மழை பெய்கிறது" என்றாள், பள்ளிப் புத்தகத்தைப் பார்த்துப் படிப்பது போல.

"ஏம்மா இப்பிடிப் பேசுறீக?"

"எப்படிப் பேசுகிறேன்? சரியாகத்தானே பேசுகிறேன்."

நான் என்னென்னவோ கேட்டுப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் முழு வாக்கியமாக, பிழையில்லாமல் பதில் வந்தது. சற்று நேரத்தில் நானும், என்னை அறியாமல், அப்படியே பேசத் தொடங்கியிருந்தேன். "உடல்நலத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி ரிசீவரை வைத்தபோது, சமையலறையிலிருந்து என் கணவர் எட்டிப் பார்த்தார்.

"யாரு, தெரியாதவங்களா?" என்றார்.

"அம்மா" என்றேன்.