கல் பொறுக்கிய இரத்தினசிங்கம் அண்ணை

இரத்தினசிங்கம் அண்ணை டென்மார்க்கிலுள்ள இந்த பிரெடெரிசியா நகரத்துக்கு வந்து முப்பத்தேழு வருடம். இருபத்தெட்டு வருடம் இரும்புத் தொழிற்சாலையில் வேலை செய்தார். அது மூடிய பிறகு ஒரு தோட்டவேலைக் கொம்பனி. தெரு, பூங்கா, மயானம் என்று அனுப்புகிற இடமெல்லாம் போவார். கூட்டுவார், வெட்டுவார், வீட்டுக்கு வருவார்.

மனைவி தங்கமலர் போன மாசியில் இறந்தார். சாம்பலைக் கடலில் கரைத்தார்கள். அதற்குப் பிறகு அண்ணை அழுததை நான் காணவில்லை. சிரித்ததையும் காணவில்லை. அடுத்த வீடுதான் எனக்கு. சபைக்குப் போகும்போது கதவைத் தட்டி, "சாப்பிட்டியளோ அண்ணை?" என்று கேட்பேன். "ஓம் பிள்ளை" என்பார். அவருக்காகக் கர்த்தரிடம் கேட்காத நாள் இல்லை.

முன்பு யூதர்கள் வாழ்ந்த தெருக்களைச் சுற்றிக் காட்டுகிறார்கள் என்று நூலகத்தில் அறிவித்தல் போட்டிருந்தார்கள்.

"வாங்கோ அண்ணை, வீட்டுக்குள்ளை இருந்து என்ன செய்யப்போறியள்?"

"நான் கூட்டாத தெருவோ?" என்றார். ஆனாலும் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வந்தார்.

வழிகாட்டி கிர்ஸ்தன், ஓய்வுபெற்ற ஆசிரியை. தங்கள் வேதத்தின்படி வாழலாம் என்றுதான் அந்தச் சனம் இந்த ஊருக்கு வந்ததாம். புகையிலை நட்டதாம்.

"ஊரிலை புகையிலை நட்ட எங்கடை ஆக்களைப் போலை" என்று அண்ணையின் காதுக்குள் சொன்னேன்.

"ஓம்." அவ்வளவுதான்.

ஜெபாலயம் இருந்த இடத்தைக் காட்டினார். அங்கே ஜெபாலயம் இல்லை. எல்லோரும் நின்று பார்த்துவிட்டு நடந்தோம்.

கடைசியில் யூதர்களின் மயானம். "வியாழக்கிழமை இங்கைதான் வேலை செய்தனான்" என்றார் அண்ணை.

இவர்கள் பூ வைப்பதில்லை, வந்து போனதற்கு அடையாளமாக ஒரு சின்னக் கல்லை வைப்பார்கள் என்று சொல்லிக்கொண்டே கிர்ஸ்தன் திரும்பினார். ஒரு கல்லறையிலும் கல் இல்லை. துடைத்துவிட்டதுபோல் இருந்தது.

"போன கிழமை இருந்தனவே!" என்றார்.

அண்ணையின் முகம் மாறவில்லை. தொப்பியை மட்டும் கையில் கசக்கினார்.

"பிள்ளை, நான்தான் எடுத்தனான்."

"என்னண்ணை சொல்லுறியள்?"

"ஆரோ பொடியள் செத்த சனத்துக்குக் கல்லெறிஞ்சிருக்கினம் எண்டு நினைச்சன். ஒவ்வொண்டாய் எடுத்து, பட்ட இடத்தைத் தண்ணி ஊத்தித் துடைச்சனான்."

"பேசாமல் நில்லுங்கோ. வேலை போயிடும்."

அப்படிச் சொன்னதற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். அவர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கையை உயர்த்தினார். தொழிற்சாலையில் பழகிய டெனிஷில் எல்லாவற்றையும் சொன்னார்.

கற்கள் எங்கே என்று கிர்ஸ்தன் கேட்டார்.

எறியவில்லை, பொடியள் திரும்பவும் எடுத்து எறிவார்கள் என்று பயந்து ஒளித்து வைத்தேன் என்றார் அண்ணை. சாமான் கொட்டிலுக்குப் பின்னால் இருந்து ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"எது எங்கே இருந்தது என்று தெரியுமா?"

"தெரியாது."

"எனக்கும் தெரியாது. வைத்தவர்கள் தூர இடத்து ஆட்கள்." கிர்ஸ்தன் வாளியை அவர் பக்கம் நகர்த்தினார். "நீங்களே வையுங்கள்."

ஒவ்வொரு கல்லையும் ஜாக்கெட்டில் துடைத்துத் துடைத்து வைத்தார். மழை தூறியது. ஒருவரும் போகவில்லை. எல்லாக் கல்லறைக்கும் வைத்தபிறகு ஒரு கல் மிஞ்சியது.

"இது?" என்று என்னைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த கல்லறையிலேயே, முதலில் வைத்த கல்லுக்குப் பக்கத்தில் வைத்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னார்:

"தங்கமலருக்குக் கல்லு வைக்க இடமில்லை, பிள்ளை."

ஒரு வேதவசனம் சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குக் காத்திருக்கவில்லை, யன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

"கொம்பனிக்கு நானே சொல்லுறன்" என்றார் இறங்கும்போது. "வேலையாலை நிப்பாட்டாட்டில் வாற வியாழனும் அங்கைதான்."

"போவியளோ?"

"ஓம். இலையை மட்டும் கூட்டுவன்."